திராட்சைப் பெட்டியில் வந்த பிளாக் விடோ சிலந்தி: எடுத்துப் போனவரும் அவர் தந்த டப்பாவும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் பழம், காய்கறிக் கடை நடத்தி பதினோரு வருடம் ஆகிறது. எலிக்கு ஆள், குளிர் அறை பழுதுக்கு ஆள், தராசு சரிபார்க்க ஆள் என்று எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். யாரைப் பற்றியும் உட்கார்ந்து எழுதியதில்லை. இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. பழப் பெட்டிக்குள் தெரியாமல் வந்துவிடும் விஷச் சிலந்திகளை உயிரோடு எடுத்துப் போய் வைத்துக் காக்கும் ஒருவரைப் பற்றியது இது. அவர் 18 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போன டப்பா செட்டைப் பற்றியும் சொல்கிறேன். பெட்டி பிரிக்கிற வேலையில் இருக்கும் எல்லாரும் படித்து வைத்துக்கொண்டால் நல்லது.

அவர் பெயரை இங்கே போடவில்லை. எஸ்ஸெக்ஸ் பக்கம் சொந்த வீட்டிலேயே கவுன்சில் (உள்ளாட்சி) லைசென்ஸோடு சிலந்தி, தேள் எல்லாம் வளர்க்கிறார். முகவரி வெளியே போனால் பூட்டை உடைக்க ஆள் வந்துவிடும் என்று கவலைப்படுகிறார். அது நியாயமான கவலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்த அம்மா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

போன அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. விடிகாலை மூன்று மணிக்கு லேட்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மார்க்கெட்டில் கலிஃபோர்னியா கிரிம்சன் சீட்லெஸ் திராட்சை 16 பெட்டி எடுத்தேன். கடைக்குக் கொண்டுவந்து இறக்கி, ஆறரை மணிக்கு அக்கா பெட்டி பிரிக்க உட்கார்ந்தார். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இந்தக் கடையை நான் வாங்குவதற்கு முன்பிருந்தே இங்கே வேலை செய்கிறவர். மூன்றாவது பெட்டியில் கை வைத்தவர் நிறுத்திவிட்டார்.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்கோ. நூல் ஒண்டு இழுபடுது."

போய்ப் பார்த்தேன். பை பாதி வெளியே வந்திருந்தது. அதற்கும் பெட்டி ஓரத்துக்கும் நடுவே ஒரு நூல் விறைப்பாக நின்றது. பையை இன்னும் கொஞ்சம் தூக்கியதும் அது அறுந்தது. அறுந்தபோது சத்தம் வந்தது, காய்ந்த பாலிதீன் தாளைக் கிழித்தால் வருகிற மாதிரி. நான் தேனிப் பக்கம் கம்பம் ஊரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தார். பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்தால் முகத்திலும் தலைமுடியிலும் நூலாம்படை ஒட்டும், துடைத்துப் போட்டுவிட்டு நடப்போம். அறுகிற நூல் காதில் கேட்டது எனக்கு அன்றைக்குத்தான்.

அப்புறம்தான் அந்தக் கருப்பு மணியைப் பார்த்தேன். சிவப்புத் திராட்சைக்கு நடுவே ஒரு கருப்புத் திராட்சை கலந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பறித்து வரும் திராட்சையின் தோல் மேல் வெண்மையாக ஒரு மாவு படிந்திருக்கும், விரல் பட்டால் தடம் விழும். இதன் மேல் அந்த மாவு இல்லை. எண்ணெய் தடவியது போல மின்னியது. காம்புக்கு அடியில் தலைகீழாகத் தொங்கியது. நான் குனிந்தபோது ஒரு கால் மெதுவாக மடங்கியது.

அக்காவின் வெறும் கை அதற்கு நாலு விரல்கடை தூரத்தில் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

பையை அப்படியே பெட்டிக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். முதலில் ஒரு பூச்சி மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டேன். 380 பவுண்டு, வரி தனி, கடை முழுக்க மருந்து அடிக்கவேண்டும், ஒரு நாள் கடை மூடவேண்டும், 16 பெட்டியும் குப்பைக்கு என்றார்கள். என்ன சிலந்தி, எங்கிருந்து வந்த பழம், யாரையாவது கடித்ததா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சரக்கு கொடுத்தவரோ, நசுக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டார். பக்கத்து வட்டாரத்தில் பாம்பு, பல்லி விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே கேட்டபோதுதான் இந்த அம்மாவின் நம்பர் கிடைத்தது.

போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்காவது கடி பட்டதா?" இல்லை என்ற பிறகுதான் மற்றவை. என்ன பழம், எந்த நாடு, இப்போது பெட்டி எங்கே, மூடியிருக்கிறதா, படம் இருக்கிறதா. பெட்டி விற்பனை மேடை மேல் இருக்கிறது என்றதும் உடனே குளிர் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். காரணமும் சொன்னார். திராட்சையைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தக் குளிரில் சிலந்தி அசையாமல் சுருண்டு கிடக்கும். கடைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் விழிக்கும். ஆகவே நேரம் ஆக ஆக நமக்குத்தான் சிரமம். மருந்து மட்டும் அடிக்காதே என்றார். மருந்து பட்ட சிலந்தி உடனே சாகாது, கலைந்து ஓடி எங்காவது இடுக்கில் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைத் தேடுகிறவன் கைதான் ஆபத்தில் இருக்கும்.

எங்கள் குளிர் அறை 3 டிகிரி. பெட்டியை உள்ளே வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவர் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்.

அவர் வேலை செய்ததை முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையில் விளக்கு, கையில் மெல்லிய ரப்பர் கையுறை. தடித்த தோல் கையுறை போடக்கூடாதாம், விரலுக்குத் தொடு உணர்வு போய்விடும், அழுத்துவது தெரியாமலே அழுத்திவிடுவோம். பிளாக் விடோ கடிப்பது பெரும்பாலும் அப்படித்தான் என்றார். அது மனிதனைத் தேடி வந்து கடிக்கிற ஜீவன் இல்லை. கண் பார்வை மட்டம், கூச்ச சுபாவம். வலையோடு சேர்த்துக் கை அதை நசுக்கும்போதுதான் கடிக்கும். கொத்தாகப் பழத்தை அள்ளுகிற நம் வேலையில் நடப்பதும் அதுதான்.

பையின் வாயை விரித்து, நீளமான இடுக்கியால் ஒவ்வொரு கொத்தாக விலக்கினார். சிலந்தி கண்ணில் பட்டதும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகள் படம் வரைகிற மாதிரி ஒரு தூரிகையை எடுத்தார். சிலந்திக்கு அடியில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் பின்பக்கம் ஒரே ஒரு தொடுதல். அது காலெல்லாம் மடக்கிக்கொண்டு, உளுந்து உருள்வது போல டப்பாவுக்குள் விழுந்து செத்தது மாதிரி கிடந்தது. மூடி திருகி, டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். வயிற்றின் கீழ் சிவப்பாக, நம் உடுக்கை வடிவத்தில் அந்தக் குறி. ஆங்கிலத்தில் அதை மணல் கடிகாரம் என்கிறார்கள். எனக்கு உடுக்கைதான் தெரிந்தது. அக்காவும் அதைத்தான் சொன்னார்.

டப்பாவுக்குள் அது எழுந்து நடக்க ஆரம்பித்ததும் இன்னொன்றைக் காட்டினார். சுவரில் ஏறப் பார்க்கிறது, வழுக்கி வழுக்கி விழுகிறது. இந்த வகைக்கு வழவழப்பான பிளாஸ்டிக்கில் பிடிமானம் கிடையாது. சுத்தமான கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தாலே போதும், மேலே ஏறி வந்துவிடுமோ என்று பதறத் தேவையில்லை. எல்லாச் சிலந்திக்கும் இது பொருந்தாது என்பதையும் கையோடு சொல்லிவிட்டார்.

சிலந்தி கிடைத்ததோடு நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் மீதி 15 பெட்டியையும் ஒவ்வொரு பையாக டார்ச் வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் போடுகிறேன் என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். சிலந்தி இருந்த அதே பையில், இரண்டு காம்பு சேரும் இடத்தில், கொண்டைக்கடலை அளவில் வெளிர் மஞ்சளாக ஒரு முட்டைப் பை. காகிதத்தில் செய்தது போலத் தொட்டால் மொரமொரப்பு. உள்ளே இருநூறு முட்டைக்கு மேலேகூட இருக்கலாம் என்றார். அந்தப் பையை நான் குப்பையில் எறிந்திருந்தால், கடைப் பின்புறம் சூடான மூலையில் பொரிந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முட்டைப் பையை மட்டும் அவர் பொரிக்க விடமாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் உறைபெட்டியில் வைத்துவிடுவார். இருநூறு குஞ்சுக்கும் லைசென்ஸ் உள்ள வீடு கிடைக்காது, கிடைக்காததை உருவாக்குவது சரியில்லை என்றார். எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. ஆனால் அவர் அதை மறைக்காமல் முகத்துக்கு நேரே சொன்னது பிடித்திருந்தது.

சட்டத்தையும் எளிதாகச் சொல்லிக்கொடுத்தார். நம் ஆட்கள் பலருக்கும் இது தெரியாது. 1976ஆம் வருடத்து ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தில் பிளாக் விடோ அடங்கிய லேட்ரோடெக்டஸ் பேரினம் முழுக்க வருகிறது. பிரேசில் அலையும் சிலந்தி எனப்படும் ஃபோனியூட்ரியாவும் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். லைசென்ஸ் கவுன்சில் கொடுப்பது. கால்நடை மருத்துவர் வந்து வீட்டைப் பார்ப்பார், இன்ஷூரன்ஸ் வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கடைப் பையன் ஒருவன் ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் அவன் மாட்டிக்கொள்வான். பாவம் பார்த்து வெளியே செடியில் விட்டாலும் தப்பு. இந்த நாட்டுக்குச் சொந்தமில்லாத உயிரை வெளியில் விடுவதை 1981ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. ஆக, அதை உயிரோடு வைக்கவேண்டும் என்றால் இப்படி லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் கொடுப்பது ஒன்றுதான் கடைக்காரனுக்கு உள்ள வழி.

போகும் முன் பெட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த லேபிளைப் படம் எடுத்துக்கொண்டார். லாட் நம்பர், பேக்கிங் செய்த இடம், தேதி எல்லாம் அதில் இருந்தது. அதைச் சரக்கு கொடுத்தவருக்கும் எழுதி அனுப்பச் சொன்னார். நசுக்கச் சொன்ன அதே மனிதர், எழுத்தில் லாட் நம்பரைப் பார்த்ததும் மற்ற கடைகளுக்கும் போன் செய்து சொல்லியிருக்கிறார்.

கட்டணம் என்று அவர் கேட்டது பெட்ரோலுக்கு 25 பவுண்டு. மற்றபடி விருப்பமிருந்தால் தீனிச் செலவுக்குக் கொடு என்றார். கொடுத்தேன். திராட்சையில் அந்த ஒரு பெட்டியைத்தான் எறிந்தோம். 15 பெட்டியும் அன்றைக்கே விற்பனைக்குப் போனது.

பெட்டிக்குள் கந்தகத் தாள் போட்டிருந்துமா இது பிழைத்தது என்று கேட்டேன். பழத்தின் மேல் சாம்பல் பூஞ்சை வராமலிருக்க ஒரு தாள் வைப்பார்கள், அதிலிருந்து கந்தக டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அது பூஞ்சைக்குப் போதும், சிலந்திக்குப் போதாது என்றார். 2001இல் நியூசிலாந்தில் கலிஃபோர்னியா திராட்சைக்குள் பிளாக் விடோ அடுத்தடுத்துக் கிடைத்து, இறக்குமதியையே நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் ஏற்றுமதிக்கு முன்பே கந்தக டை ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கலந்து புகைபோட்டு அனுப்பும்படி செய்தார்கள். ஆனால் சிலந்தியே இல்லாத திராட்சை வேண்டும் என்றால் தோட்டத்தில் மருந்தைக் கூட்டவேண்டியிருக்கும். திராட்சை இலையைச் சாறு உறிஞ்சிக் கெடுக்கும் தத்துப்பூச்சிகளைச் சிலந்திகள்தான் தின்று குறைக்கின்றன. மருந்தைக் குறைத்த தோட்டத்தில் சிலந்தி இருக்கத்தான் செய்யும். எங்கள் பந்தலில் அப்பா மருந்து அடித்த வாரம் நூலாம்படையே இருக்காது. பிள்ளையாக இருந்தபோது எனக்கு அது சந்தோஷம். இப்போது அதை வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

இனி அந்த டப்பா செட். அவரே கட்டிக் கொடுப்பது, 18 பவுண்டு. உள்ளே அரை லிட்டர் பிடிக்கிற தெளிவான பிளாஸ்டிக் டப்பா இரண்டு, திருகு மூடியில் ஊசித் துளைகள். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் அட்டை, ஓரடி நீள இடுக்கி, தூரிகை, சின்ன டார்ச், ஒரு வழிமுறைத் தாள். டப்பாவும் இடுக்கியும் முதல் தரம். துளைகள் சிலந்திக் குஞ்சு நுழையாத அளவுக்குச் சன்னமாக, உள்ளிருந்து வெளியே குத்தியவை, ஆகவே உள்பக்கம் பிசிறு இல்லை. இடுக்கியின் நுனியில் ரப்பர் உறை இருக்கிறது, திராட்சைத் தோல்கூடக் கிழியவில்லை. அட்டை மட்டும் சரியில்லை. கொஞ்சம் மெல்லியது, டப்பாவைக் கவிழ்த்து அடியில் செருகும்போது வளைந்து இடைவெளி விடுகிறது. நான் அதை எடுத்துவிட்டுப் பழைய வெட்டுப் பலகை ஒன்றிலிருந்து அளவாக வெட்டிப் போட்டிருக்கிறேன். டார்ச்சும் சுமார். குளிர் அறையில் பத்து நிமிடத்தில் மங்குகிறது.

வழிமுறைத் தாள் ஒரு பக்கம்தான். அதன் முதல் வரி, கடி பட்டால் சிலந்தியைத் தேடி நேரத்தைப் போக்காதே, படம் இருந்தால் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போ என்பது. பிளாக் விடோ கடி முதலில் குண்டூசி குத்தியது போலத்தான் இருக்குமாம். ஒரு மணி நேரத்துக்குள் வயிறும் முதுகும் பிடித்து இழுக்கும், வியர்த்துக் கொட்டும். உயிர் போவது அரிது, ஆனால் வலி கடுமையானது. அந்தத் தாளை அக்கா தமிழில் எழுதி, பெட்டி பிரிக்கிற மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறார். பிரிக்கிறவர்கள் எல்லாருக்கும் இப்போது கையுறை கட்டாயம்.

நவம்பர் கடைசியில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சிலந்திகளுக்குத் தனி அறை, அதற்குப் பூட்டு. அறைக்குள் அலமாரி, அதற்கும் பூட்டு. அதற்குள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில். கதவில் எந்த இனம் எத்தனை என்று எழுதிய பட்டியல், அவசர நம்பர்கள். எங்கள் கடையில் கிடைத்தது ஒரு சாண்கூட நீளமில்லாத பெட்டியில் இருந்தது. லேபிளில் தேதி, ‘திராட்சை, கலிஃபோர்னியா, ஈஸ்ட் ஹாம்’ என்று எழுதியிருந்தார். இவ்வளவு சின்ன இடமா என்று கேட்டேன். வலையை விட்டு நகராத சிலந்திக்குப் பெரிய இடம் தேவையில்லை, ஒரு குச்சி, ஒதுங்க ஒரு மூலை, வாரத்துக்கு ஒருமுறை வலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும் என்றார்.

எனக்காக ஒரு சுவர்க்கோழியை உள்ளே போட்டார். அது நடந்து கீழ் நூலில் காலை வைத்த நொடியில் சிலந்தி இறங்கியது. ஆனால் கடிக்கப் பாயவில்லை. திரும்பி நின்று, பின்னங்கால் இரண்டாலும் பிசுபிசுப்பான நூலை வாரி வாரி அதன் மேல் எறிந்தது. கால் நுனியில் சீப்புப் பல் போல மயிர் வரிசை உண்டு, அதில் நூலைக் கோதி எடுத்து வீசுகிறது. பாட்டி ராட்டையில் நூல் இழுத்த கை வேகம் எனக்கு நினைவு வந்தது. சுவர்க்கோழி அசைய முடியாமல் ஆன பிறகுதான், மெதுவாகப் போய் ஒரு காலில் சின்னதாக ஒரு கடி. பின்பு அதை மேலே இழுத்துக்கொண்டது. இருபது நிமிடம் கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். நசுக்கிப் போடு என்ற குரல் அப்போது காதில் வந்து போனது.

இந்தச் சேவையின் இன்னொரு பக்கம் பிப்ரவரியில் தெரிந்தது. வாழைப்பழப் பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி பக்கச் சுவரில் ஏறி நின்றது. கடைப் பையன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, பிரேசில் சிலந்தி, ஒரே கடியில் செத்துவிடுவோம் என்று கதவுக்கு வெளியே ஓடிவிட்டான். எனக்கு அதைப் பார்த்ததும் கம்பத்து வீட்டுச் சமையலறைச் சுவர்தான் ஞாபகம் வந்தது. தட்டையான உடம்பு, நண்டு போலப் பக்கவாட்டில் விரிந்த கால், முகத்தில் மீசை வைத்தது போல வெளிறிய ஒரு கோடு. ராத்திரி கரப்பான் பிடிக்கும், சில சமயம் வயிற்றுக்கு அடியில் வெள்ளை வட்டமாக முட்டைப் பையைச் சுமந்துகொண்டு நிற்கும். பாட்டி அதை அடிக்க விடமாட்டார்.

படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஹெட்டிரோபோடா வெனடோரியா, வேட்டைச் சிலந்தி. கடித்தால் குளவி கொட்டியது போல வலிக்கும், அவ்வளவுதான். ஆசியாவில் தோன்றியது என்று கருதப்படும் இனம், கப்பல் வணிகத்தோடு வெப்ப நாடுகள் முழுக்கப் பரவிவிட்டது. ஆக, லத்தீன் அமெரிக்க வாழைத்தாரில் ஏறி நம் ஊர்ச் சிலந்தி ஈஸ்ட் ஹாமுக்கு வந்திருந்தது. வாழைப்பழத்தோடு வருவதில் அதிகம் இதுதான் என்றும் எழுதியிருந்தார். கலிஃபோர்னியாவின் சிலந்தி ஆய்வாளர் ரிக் வெட்டரும் மற்ற இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வை அனுப்பினார். வட அமெரிக்காவில் சரக்கோடு வந்த 135 சிலந்திகளைப் பார்த்ததில், அதிகம் கிடைத்தவை இந்த வேட்டைச் சிலந்தியும், முகத்தில் சிவப்பு மயிர் உள்ள குபியென்னியஸ் பேரினத்து இனம் ஒன்றும். எல்லாரும் பயப்படும் ஃபோனியூட்ரியா விரல் விட்டு எண்ணும் அளவுதான். சிவப்பு முகத்தைப் பார்த்து அதை ஃபோனியூட்ரியா என்று அறிவிப்பது அடிக்கடி நடக்கிற தவறாம். அதே குபியென்னியஸ் பேரினத்துச் சிலந்தி ஒன்றை வைத்துத்தான் வியன்னாவில் ஃப்ரீட்ரிக் பார்த் என்ற பேராசிரியர், சிலந்தி இலை அதிர்வை எப்படிக் காலால் உணர்கிறது என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்.

அதற்காக அசட்டையாக இருக்காதே, ஃபோனியூட்ரியாவும் வரத்தான் செய்கிறது, முன்காலைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றால் கிட்டே போகாமல் எனக்குப் போன் செய் என்று கடைசியில் எழுதியிருந்தார். பயமுறுத்தாமலும் அலட்சியப்படுத்தாமலும் பேசுகிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

வேட்டைச் சிலந்திக்கு லைசென்ஸ் தேவையில்லை. என் மகள் கேட்டாள், வைத்துக்கொண்டோம். இணையத்தில் 34 பவுண்டுக்கு ஓர் அக்ரிலிக் கூண்டு வாங்கினேன். அது பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்க அழகு, ஆனால் காந்தக் கதவின் ஓரத்தில் ஒரு நாணயம் நுழையும் இடைவெளி இருந்தது. இந்தச் சிலந்தி தட்டையாகிக்கொண்டு அதில் போய்விடும், கண்ணாடியிலும் ஏறும் என்று அந்த அம்மா முன்பே எச்சரித்திருந்தார். பஞ்சுப் பட்டை ஒட்டி அடைத்த பிறகுதான் சிலந்தியை விட்டோம். இப்படிப்பட்ட கூண்டு வாங்குகிறவர்கள் முதலில் கதவு ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கவும். உயரமான கூண்டாக, மரப்பட்டை ஒன்று செங்குத்தாக வைக்க இடம் உள்ளதாக வாங்கவும்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் எடுப்பதில்லை, செய்தி விட்டால் திங்கள் காலைதான் பதில். கார்டு வாங்குவதில்லை. ரசீது கையால் எழுதி தபாலில் மூன்று வாரம் கழித்து வந்தது, கணக்குப் பார்க்கிறவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். தனி ஆள், உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் கிடையாது. இதற்காக அரைப் புள்ளி குறைக்கிறேன். 5க்கு நாலரை.

உங்கள் பகுதியில் இப்படி ஒருவரைத் தேடுவதென்றால் சிலந்தி வந்த பிறகு தேடாதீர்கள். பக்கத்தில் ஊர்வன விற்கும் கடையில் இன்றைக்கே கேட்டு, நம்பரை எழுதி ஒட்டிவையுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடை ஷட்டர் இடுக்கில், கழிப்பறை ஜன்னலில் இருக்கும் பழுப்புக் குண்டுச் சிலந்தியைப் பிளாக் விடோ என்று நினைத்து அழைக்கிறவர்கள்தான் அதிகமாம். அது பொய் விடோ, ஸ்டியடோடா நோபிலிஸ். இங்கிலாந்தில் 1879இலேயே டார்க்கி ஊரில் பதிவானது. மதீராவும் கனேரித் தீவுகளும் அதன் சொந்த இடம். சிவப்பு உடுக்கைக் குறி அதற்கு இருக்காது. படம் அனுப்பினால் அந்த அம்மா பணம் வாங்காமலே பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

மாதம் ஒருமுறை அவரிடமிருந்து படம் வருகிறது. வந்த பிறகு இன்னும் இரண்டு முட்டைப் பை வைத்ததாம், ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாம். படம் வருகிற அன்று கையுறையைக் கழற்றிவிட்டு அக்கா என் போனை வாங்கிப் பார்ப்பார்.

"அது சாப்பிட்டதாமோ, தம்பி?"

"சாப்பிட்டதாம் அக்கா. ஒரு சுவர்க்கோழி."